சேர் ஜோர்ஜ் கிரியேர்சனும் புந்தேலி மொழியும்

ஆண்டு மலர்களில் வரலாறு எழுதப்பெறும் பெரியோர் பெரும்பாலும் நம் சமயத்தைச் சார்ந்தோரே. நாயன்மாரும் ஆழ்வார்களும், நாவலர் பெருமானும் விவேகானந்த அடிகளும் இத்தகைய பக்கங்களை அணி செய்து வந்துள்ளனர். இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பெரியாரோ அயர்லாந்து தேசத்திற் பிறந்தவர்; கிறித்தவர்; நம்மையும் பாரத தேசத்தையும் ஆண்ட ஆங்கில அரசாங்கத்தின் ஊழியர். இந்து இளைஞர் மலரில் இவருக்கு என்ன இடம் என்று மூத்தோர் வினவுதல் கூடும். அவ்வினா நியாயமானது. அதற்கு விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

அவர்தாம் சேர் ஜோர்ஜ் ஏபிரகாம் கிரியேர்சன். பாரத நாட்டில் வழங்கும் மொழிகள் எத்தனை, அவை எங்கெங்கே பேசப்படுகின்றன, ஒன்றுக்கொன்று உறவு யாது என்பவற்றை முதன்முதல் முறையாக ஆராய்ந்து பதினொரு பெருந் தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். அரசவை மொழிகளோடு நில்லாமல், உழவனும் நெசவாளியும் குயவனும் வீட்டு முற்றத்திற் பேசிய மொழிகளையும் அவர் மதித்து எழுதினார். அவ்வாறு அவர் எழுதிவைத்த மொழிகளுள் ஒன்று புந்தேலி. அவர் செய்த பணியின் அருமையை அம்மொழி ஒன்றைக் கொண்டே நாம் அளந்து பார்க்கலாம்.

இளமையும் கல்வியும்

கிரியேர்சன் 1851ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆந் திகதி டப்ளின் நகரை அடுத்த கிளெனகேரி என்னும் ஊரிற் பிறந்தார். டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் கணிதம். ஆயினும், அங்கே சமஸ்கிருதப் பேராசிரியராய் விளங்கிய ரொபேட் அற்கின்சன் என்பவரின் நட்பு அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டது. இந்திய சிவில் சேவைக்குத் தெரிவாகிப் பயின்றுகொண்டிருந்த அந்த இளைஞருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர் அற்கின்சனே. பாரத தேசத்து மொழிகள் அனைத்தையும் ஒருவர் ஆராய வேண்டும் என்னும் எண்ணத்தை மாணவரின் உள்ளத்தில் விதைத்தவரும் அவரே. 1873இல் கப்பலேறிய மாணவர், ஆசிரியர் இட்ட அப்பணியை முடித்தது 1928இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓர் எண்ணத்தை மனத்திற் சுமந்து நிறைவேற்றிய உறுதி எண்ணுதற்கு அரியது.

பீகாரில்

வங்காள மாகாணத்திற் சேவையில் அமர்ந்த கிரியேர்சன் பல ஆண்டுகளைப் பீகாரிற் கழித்தார். அக்காலத்து அதிகாரிகள் நீதிமன்ற மொழியாகிய உருதுவைக் கற்றுக்கொண்டால் போதும் என்று இருந்தனர். குடியானவன் தன் வழக்கைச் சொல்லும் மொழி அதுவன்று. வழக்காடுபவன் ஒரு மொழியிற் பேச, எழுதுபவன் வேறொரு மொழியில் எழுத, தீர்ப்பளிப்பவன் மூன்றாவது மொழியிற் சிந்திக்கும் நிலையில் நீதி எவ்வாறு வழுவாது நிற்கும்? மக்களின் மொழியை அறியாதவன் மக்களை ஆள இயலாது என்பது கிரியேர்சனின் துணிபு.

வங்காளத்தின் வடபகுதியாகிய ரங்பூரிற் கேட்ட மாணிக்சந்திரன் கதைப்பாடலை 1878இல் அச்சேற்றினார். 1881இலும் அடுத்த ஆண்டிலும் மைதிலி மொழிக்கு இலக்கணமும் பாடற்றொகுப்பும் வெளியிட்டார். சிவபிரான் மீதும் ராதா கிருஷ்ணர் மீதும் பாடிய வித்தியாபதி என்னும் புலவரை வங்காளத்தார் தம்மவர் என்று கொண்டாடிய காலம் அது. அவர் பிறந்த மிதிலை நாட்டில் மக்கள் வாயில் வாழ்ந்த பாடல்களைக் கேட்டெழுதி, அவருடைய மொழி மைதிலியே என்பதை விளக்கியோருள் கிரியேர்சன் ஒருவர். பின்னர் பீகாரி மொழிகளின் கிளைகளுக்கு ஏழு இலக்கண நூல்களை எழுதினார்.

1885இல் வெளிவந்த பீகார்க் குடியானவர் வாழ்க்கை என்னும் நூல் தனிச்சிறப்பு வாய்ந்தது. கலப்பையின் ஒவ்வோர் உறுப்புக்கும், வண்டியின் ஒவ்வொரு மரத்துண்டுக்கும், செக்குக்கும் தறிக்கும் ஏற்றத்துக்கும் ஊரார் வழங்கும் பெயர் யாது என்பதை அந்நூல் படங்களுடன் விரித்துரைக்கின்றது. அகராதிகளில் ஏறாத சொற்கள் அவை. அவற்றை அறிய வேண்டின் புத்தகசாலைக்குச் செல்வதாற் பயனில்லை. வயலுக்கும் பட்டடைக்கும் செல்ல வேண்டும்.

1889இல் வட இந்திய மொழி இலக்கிய வரலாறு ஒன்றை வெளியிட்டார். சிவசிங் சேங்கர் என்பார் முன்னரே தொகுத்திருந்த நூலைப் பெரிதும் துணைக்கொண்டு, 952 புலவர்களைக் கால முறைப்படி வரிசைப்படுத்திய நூல் இது. துளசிதாசரின் இராமாயணம் வட இந்திய மக்களின் வாழ்வில் எத்துணை ஆழமாய் வேரூன்றியுள்ளது என்பதை மேல்நாட்டார்க்கு எடுத்துரைத்தவர்களுள் இவர் முதன்மையானவர். காசிப் பண்டிதர் சுதாகர துவிவேதியுடன் சேர்ந்து மலிக் முகமது ஜாயசியின் பதுமாவதி காவியத்தையும் பதிப்பித்தார். பாடியவர் முஸ்லிம்; பதிப்பித்தோருள் ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. கிரியேர்சன் அரசாங்க ஊழியர். பள்ளிப் பரிசோதகராய்ப் பணிபுரிந்த அவர், பிற்காலத்திற் பீகாரில் அபின் வியாபாரத்தை நடத்திய அரசாங்கத் திணைக்களத்திலும் தலைமைப் பதவி வகித்தார். ஏழை உழவனின் கலப்பைக்குப் பெயர் எழுதிய அதே கை, அவன் வயலிற் பயிரான அபினியின் கணக்கையும் எழுதியது. பெரியோரையும் குறையோடு கண்டு மதிக்கப் பழகுதல் வேண்டும்.

மொழிகளின் கணக்கெடுப்பு

1886ஆம் ஆண்டு வியன்னா நகரிற் கூடிய கீழைத்தேய அறிஞர் மகாநாடு, இந்திய மொழிகளை முறையாக ஆராய வேண்டுமென இந்திய அரசாங்கத்தைக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின்னணியில் நின்று உழைத்தவர்களுள் கிரியேர்சன் முக்கியமானவர். 1894இல் அரசாங்கம் இசைந்தது. 1898இல் அவரே அப்பணியின் மேலாளராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து திரும்பிக் கம்பர்லி என்னும் ஊரிற் குடியேறி, இறுதிவரை அங்கிருந்தே பணியை நடத்தினார்.

முதலில் ஒவ்வொரு மாவட்ட அதிகாரியிடமும் அவரவர் எல்லைக்குள் வழங்கும் மொழிகளின் பெயர்ப் பட்டியல் கேட்கப்பட்டது. அப்போதுதான் ஒரு விந்தை தெரிய வந்தது. ஊரவன் ஒருவனிடம் உன் மொழியின் பெயர் என்ன என்று கேட்டால் அவனுக்கு விடை தெரிவதில்லை. ஐம்பது கல் தொலைவிலுள்ள அயலான் பேசும் மொழிக்குப் பெயர் சொல்வான். தன் மொழியோ அவனுக்கு வெறும் பேச்சு, நல்ல பேச்சு, அவ்வளவே. மொழிகளின் பெயர்கள் பலவும் இவ்வாறு அயலார் இட்ட பெயர்களாய் இருந்தன. ஒரே மொழிக்குப் பத்துப் பெயர்களும், பல மொழிகளுக்கு ஒரே பெயரும் வந்து குவிந்தன. அக்குவியலைச் சலித்தெடுத்து, 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் என இறுதியிற் கணக்கிட்டார் கிரியேர்சன்.

ஒவ்வொரு மொழிக்கும் மூன்று மாதிரிகள் பெறப்பட்டன. ஒன்று, எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய ஒரே கதை. இரண்டாவது, அம்மொழியார் தாமே சொல்லும் கதையோ பாட்டோ வாக்குமூலமோ. மூன்றாவது, 241 சொற்களும் வாக்கியங்களும் அடங்கிய பட்டியல்.

பொதுவாகத் தெரிந்தெடுக்கப்பட்ட கதை விவிலியத்தில் வரும் கெட்ட குமாரன் உவமை. தகப்பனின் சொத்திற் பங்கு கேட்டுப் பிரிந்து சென்ற இளைய மகன், அனைத்தையும் அழித்துப் பசியால் வாடித் திரும்பி வர, தகப்பன் ஓடிச் சென்று கட்டித் தழுவும் கதை அது. மிஷன் பாடசாலையிற் கற்ற என் போன்ற இந்து மாணவர்க்கு இக்கதை மனப்பாடம். காலை வணக்கத்தில் அதனை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல இயலாது. அப்போதெல்லாம் அது எங்கள் வீட்டுக்குரிய கதையன்று என்ற எண்ணத்துடனேயே கேட்டிருந்தேன். அதே கதை பாரதத்தின் நூற்றுக்கணக்கான கிளைமொழிகளிற் சொல்லப்பட்டு ஏட்டில் ஏறியிருக்கின்றது என்று பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னர் அறிந்தபோது பெரிதும் வியந்தேன்.

கிரியேர்சன் இக்கதையைத் தேர்ந்தது மதம் பரப்பும் நோக்கத்தாலன்று. தந்தை, மகன், வயல், பசி, வீடு, விருந்து என எல்லா ஊருக்கும் பொதுவான சொற்கள் அதில் உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் முக்காலமும் அதில் வந்துவிடுகின்றன. இந்தியர் மனம் புண்படக்கூடிய இடங்களிற் சொற்களைச் சிறிது மாற்றியே அவர் அதனை அனுப்பினார். கதையின் விருந்தில் அடிக்கப்படும் பிராணி எது என்பதை அறிந்தவர்களுக்கு அம்மாற்றத்தின் காரணம் சொல்லாமலே விளங்கும்.

புந்தேலியின் இடம்

யமுனை நதிக்குத் தெற்கே, நர்மதைக்கு வடக்கே, விந்திய மலைச்சாரலை அளாவிக் கிடக்கும் கரடுமுரடான நாடு புந்தேல்கண்டம். பெத்வா, கேன், தசான் ஆகிய ஆறுகள் அதனை ஊடறுத்துப் பாய்கின்றன. கஜுராகோவின் கோயில்களும், ஜான்சி இராணி இலட்சுமிபாயின் கோட்டையும், ஓர்ச்சாவின் அரண்மனைகளும் அந்நாட்டில் உள்ளன. அதனை ஆண்ட புந்தேலா இராசபுத்திரரின் பெயரால் நாடும் மொழியும் பெயர் பெற்றன. இன்று அந்நாடு உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் என்னும் இரு மாநிலங்களுக்கிடையே பிரிந்து கிடக்கின்றது.

1916இல் வெளிவந்த ஒன்பதாந் தொகுதியின் முதற் பாகத்திற் கிரியேர்சன் புந்தேலியை ஆராய்ந்தார். இந்தி என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே மொழியன்று என்பது அவர் முடிபு. அதனை மேலை இந்தி, கீழை இந்தி என இரண்டாக வகுத்தார். அவதி, பகேலி, சத்தீஸ்கரி என்பன கீழை இந்தியின் பாற்படும். மேலை இந்தியிலோ ஐந்து கிளைமொழிகள்: இந்துஸ்தானி, பாங்கரு, விரஜ மொழி, கனௌஜி, புந்தேலி. இவை பழைய சௌரசேனிப் பிராகிருதத்தின் வழிவந்தவை.

இவ்வைந்தினுள்ளும் விரஜ மொழி, கனௌஜி, புந்தேலி மூன்றும் நெருங்கிய உடன்பிறப்புகள். ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். குதிரையை இந்துஸ்தானியார் கோடா என்பர். புந்தேலியார் கோரோ என்பர். ஈற்றில் ஆகாரம் ஓகாரமாகின்றது. நடுவே நாவை மடித்து ஒலிக்கும் எழுத்து ரகரமாகின்றது. இருந்தான் என்பதற்கு இந்துஸ்தானியில் தா, புந்தேலியில் ஹதோ. எனக்கு என்பதற்கு அங்கே முஜ்கோ, இங்கே மோகோம். இவ்வேறுபாடுகளைக் கற்றோர் கொச்சை என்று தள்ளினர். கிரியேர்சனோ, இவை பிழைகளல்ல, தமக்கென இலக்கணம் உடைய ஒழுங்கான வடிவங்கள் என்று நிறுவினார். ஒரு மொழியின் கிளையைக் கெட்டுப்போன வடிவம் என்று கருதுவதற்கும், தன் வழியே வளர்ந்த வடிவம் என்று கருதுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. முன்னது அதனைப் பேசுபவனைத் தலைகுனியச் செய்யும். பின்னது அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

கிளைகளும் எல்லைகளும்

நாட்டின் நடுவே, ஜான்சி, ஜாலவுன், ஓர்ச்சா, சாகர் முதலிய இடங்களில் வழங்குவது செம்மைப் புந்தேலி. பவார் இராசபுத்திரர் வாழும் ததியா, குவாலியர்ப் பகுதியிற் பவாரி. ஹமீர்பூர்ப் பக்கத்தில் லோதி உழவர் பேசும் லோதாந்தி. பன்னா, தமோ பகுதியிற் கடோலா என்பன அதனோடு மிக நெருங்கியவை. எல்லைகளுக்குச் சென்றாற் கலப்பு மிகுகின்றது. வடமேற்கே சம்பல் ஆற்றங்கரையில் வழங்கும் பதௌரி, விரஜ மொழியோடு கலக்கின்றது. கிழக்கே பனாபரியும், கேன் ஆற்றின் இரு கரைகளிலும் வழங்கும் குந்திரியும் பகேலியோடு கலக்கின்றன. ஒரு மொழி முடிந்து மற்றது தொடங்கும் இடத்தை எவரும் கோடு கிழித்துக் காட்டல் முடியாது. ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறி, ஒன்று மற்றொன்றாகிவிடுகின்றது.

இவற்றுள் உள்ளத்தைத் தொடுவன தெற்கே வழங்கும் கிளைகள். பாலாகாட், சிந்துவாரா, நாகபுரிப் பக்கங்களில் மராத்தி பேசுவோர் நடுவே சிதறி வாழ்ந்த உழவர், நெசவாளர், குயவர் குலத்தவர் தம் வீடுகளிற் பேசிய மொழியைக் கிரியேர்சன் பரிசோதித்தார். லோதி, கோஷ்டி, கும்பாரி என்று அவர்தம் குலப் பெயராலேயே அம்மொழிகள் அழைக்கப்பட்டன. மராத்திச் சொற்கள் நிறைய ஏறியிருந்தும் அடியிற் கிடந்தது புந்தேலியே. ஊரை விட்டுப் பெயர்ந்து சென்ற நெசவாளி, தறியோடு தாய்மொழியையும் தூக்கிச் சென்றான். அவன் எப்போது புறப்பட்டான் என்பதை எந்தச் சரித்திர நூலும் எழுதவில்லை. எங்கிருந்து வந்தான் என்பதை அவன் நா மறக்கவில்லை.

இலக்கியச் செல்வம்

புந்தேலி வெறும் பேச்சு மொழியன்று. ஓர்ச்சா அரசவையில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் விளங்கியவர் மகாகவி கேசவதாசர். ரசிகப்பிரியா 1591இலும், கவிப்பிரியாவும் இராமசந்திரிகையும் 1601இலும் அவர் இயற்றியவை. அவர் குடும்பம் சமஸ்கிருதப் பண்டிதர் குடும்பம். வேலைக்காரர்கூட நாட்டு மொழி பேசாத வீடு. அத்தகைய வீட்டிற் பிறந்தும் நாட்டு மொழியிற் பாட நேர்ந்ததை அவரே சற்று நாணத்தோடு தம் நூலிற் குறித்துள்ளார். ஆனால் அவர் பெயர் இன்று நிலைத்திருப்பது எதனால்? நாணத்தோடு எடுத்துக்கொண்ட அந்நாட்டு மொழியினாலேயே. அவர் கையாண்டது விரஜ மொழி. அதிற் புந்தேலியின் சாயல் படிந்துள்ளது.

முகலாயப் பேரரசை எதிர்த்து நின்று புந்தேல்கண்டத்தில் தனியரசு நிறுவிய சத்திரசால் மன்னர் (1649 - 1731) தாமும் கவி பாடியவர், புலவரைப் போற்றியவர். அவர் வரலாற்றை லால் கவி சத்திரப்பிரகாசம் என்னும் காவியமாகப் பாடினார். 1828இலேயே அது பொக்சன் என்பவரால் ஆங்கிலத்திற்கு வந்தது. கிரியேர்சனின் காலத்தவராகிய ஈசுரி என்னும் நாட்டுக் கவி பாடிய ஹோலிப் பாடல்கள் இன்றும் அவ்வூர்களிற் பாடப்படுகின்றன.

இவை அனைத்திலும் பரந்து வாழ்வது ஆல்ஹா கதை. மகோபா நகரை ஆண்ட சந்தேல அரசன் பரமாலுக்காகப் பிருதிவிராசனோடு பொருத ஆல்ஹா, ஊதல் என்னும் சகோதரரின் வீரம் அது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த போர்கள். ஜகநிகர் என்னும் புலவர் பாடியதாகச் சொல்வர். அவர் எழுதிய ஏடு எதுவும் இல்லை. எண்ணூறு ஆண்டுகளாக ஏட்டிலன்றி நாவிலேயே வாழ்ந்த காவியம். மாரிக் காலத்தில் உழவு ஓய்ந்திருக்கும் நாட்களில், டோலக் கொட்டி ஊரார் கூடியிருந்து கேட்பர். ஆல்ஹா இறக்கவில்லை என்றும், மைஹர் மலையிலுள்ள சாரதா தேவி சந்நிதியில் நாள்தோறும் முதல் வழிபாடு அவனுடையதே என்றும் மக்கள் இன்றும் நம்புகின்றனர்.

1860களில் பரூக்காபாத் அதிகாரி எலியற் என்பார் பாடகரைக் கொண்டு இதன் கனௌஜி வடிவத்தை எழுதுவித்தார். வாட்டர்பீல்ட் என்பார் அதில் ஒரு பகுதியை ஆங்கிலச் செய்யுளாக்கினார். அம்மொழிபெயர்ப்பு முற்றுப்பெறாது கிடந்ததை எடுத்து, விடுபட்ட பகுதிகளுக்குச் சுருக்கமும் முன்னுரையும் எழுதி 1923இல் வெளிவரச் செய்தவர் கிரியேர்சன். புந்தேல்கண்டத்தில் வின்சென்ற் சிமித் சேகரித்த ஒரு பகுதியையும் தம் ஆய்வுத் தொகுதியிற் சேர்த்துக்கொண்டார். பிறர் விட்டுச் சென்ற பணியைத் தம் பணியாகக் கருதியவர் அவர்.

குறைகள்

கிரியேர்சன் கூறிய யாவும் நிலைபெற்றுவிடவில்லை. பாரதத்தின் ஆரிய மொழிகளை உள்வட்டம், வெளிவட்டம் எனப் பிரித்த அவர் கொள்கையை 1926இற் சுனிதி குமார் சாட்டர்ஜி தக்க ஆதாரங்களுடன் மறுத்தார். புந்தேல்கண்டத்திற் கிரியேர்சன் சேவை செய்தவருமல்லர். அவர் மேசைக்கு வந்த மாதிரிகள் ஊர் அதிகாரிகளும் பள்ளி ஆசிரியர்களும் எழுதி அனுப்பியவை. அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. மேலும், சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் இராச்சியங்களும் அவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பாக விடப்பட்டன. நோர்வே அறிஞர் ஸ்தென் கொனோவ் எழுதி 1906இல் வெளிவந்த நான்காந் தொகுதியில் நம் தமிழுக்கும் இடம் உண்டு. ஆயினும், தமிழ்நாட்டு ஊர்ப் பேச்சுகள் புந்தேலியைப் போல் ஊர் ஊராகத் துருவி ஆராயப்படவில்லை.

இந்துக்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1907இல் றோயல் ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில், பிற்கால இந்து சமயத்தின் பக்தி நெறி தென்னிந்தியாவிற் குடியேறியிருந்த நெஸ்தோரியக் கிறித்தவர்க்குக் கடன்பட்டது என்று கிரியேர்சன் எழுதினார். இது பெரும் பிழை. அன்பே சிவம் என்று உணர்ந்த தமிழ்நாட்டு அடியார்க்கு அன்பைக் கடனாகக் கொடுத்தார் வேறு எவரும் இலர். இதனை ஏற்காத அறிஞர் அக்காலத்திலேயே மறுத்தெழுதினர். ஆழ்வார்களின் தமிழையும் நாயன்மாரின் தமிழையும் வட மொழிகளைக் கற்ற அளவுக்கு அவர் கற்றிருந்தால் இப்பிழை நேர்ந்திராது என்பது என் எண்ணம். ஊர் மொழியைக் கற்காமல் ஊராரின் உள்ளத்தை அறிய முடியாது என்னும் அவருடைய கொள்கைக்கு அவருடைய இப்பிழையே சான்றாகின்றது.

முதுமையிற் செய்த பணி

ஆனால் அவரே மற்றொரு பணியும் செய்தார். காஷ்மீரத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவயோகினி லல்லா தேவி. வீடு துறந்து, சிவனையே தேடித் திரிந்து, பேச்சு மொழியிலேயே பாடிய ஞானி. அவர் பாடல்களின் ஏட்டுப் பிரதியைத் தேடிய பண்டிதர் முகுந்தராம சாஸ்திரி, குஷ் என்னும் ஊரில் ஒரு முதிய பிராமணரைக் கண்டார். பரம்பரையாக வந்த அப்பாடல்களை அம்முதியவர் மனப்பாடமாக ஓத, பண்டிதர் எழுதிக்கொண்டார். அவற்றைக் கிரியேர்சனும் பார்னெற் என்பவரும் 1920இற் பதிப்பித்து வெளியிட்டனர். கிருஷ்ண ராஜானகர் பாடிய சிவபரிணயம் என்னும் காஷ்மீரக் காவியத்தையும் கிரியேர்சன் பதிப்பித்தார். சைவராகிய நாம் இவற்றுக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம். மூத்தோரின் வினாவுக்கு என் விடையும் இதுவே: கொள்கையிற் பிழைத்தவர், தொண்டிற் பிழைக்கவில்லை.

1928இல் மொழி ஆய்வின் இறுதிப் பகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது 77. அவ்வாண்டிலேயே ஓடர் ஒவ் மெரிற் என்னும் உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதன் பின்னும் ஓயாமல் உழைத்து, காஷ்மீர மொழி அகராதியை 1932இல் முடித்தார். 1941ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமது தொண்ணூறாவது வயதிற் கம்பர்லியில் உயிர் நீத்தார்.

இன்றைய நிலை

கிரியேர்சன் இலக்கணம் எழுதிய மைதிலி 2003இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறியது. புந்தேலிக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. குடிக்கணக்கில் அது இந்தியின் கீழ் அடக்கப்படுகின்றது. 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை அடியொற்றி அவர் புந்தேலி பேசுவோரை ஏறக்குறைய 69 லட்சம் எனக் கணக்கிட்டார். 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற் புந்தேலி என்று சொன்னவர் ஏறக்குறைய 31 லட்சம். 2011இல் 56 லட்சம். நூறாண்டில் மக்கட்டொகை பன்மடங்கு பெருகியிருக்க இவ்வெண் குறைந்தது எவ்வாறு? பத்தே ஆண்டில் மீண்டும் பாதிக்கு மேல் ஏறியது எவ்வாறு? பேசுவோர் மறைந்து பின் பிறந்துவிடவில்லை. கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நிற்கும்போது, தாய் மொழி எது என்ற கேள்விக்கு இந்தி என்று சொல்வதா புந்தேலி என்று சொல்வதா என்பதே வேறுபாடு. வீட்டிற் பேசும் மொழியின் பெயரை வெளியிற் சொல்ல நாணுகின்ற நாணமே அவ்வெண்களுக்குள் மறைந்து கிடக்கின்றது.

அந்த நாணத்தை நானும் அறிவேன். என் பாட்டியார் வழங்கும் சொற்கள் சிலவற்றை நண்பர் முன்னிலையில் நான் திருத்தியதுண்டு. அவர் ஒன்றும் சொல்லாமற் சிரித்துவிடுவார். கிரியேர்சனின் வரலாற்றைப் படித்த பின்னர்தான் அத்திருத்தம் அறிவன்று, அறியாமை என்று உணர்ந்தேன். அவர் நாவிலிருந்தவை பிழைச் சொற்களல்ல. எந்த அகராதியிலும் நான் காணாத சொற்கள்.

சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். நமக்குப் பதினொரு தொகுதிகள் எழுத வேண்டிய கடமை இல்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். துலாவின் உறுப்புகளுக்கும், வண்டிலின் பாகங்களுக்கும், வலையின் கயிறுகளுக்கும் உங்கள் ஊர்ப் பெரியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஊரே கலைந்துபோன குடும்பங்களில், அவ்வூரின் பேச்சு இன்று ஒரு பாட்டியின் நாவில் மட்டுமே எஞ்சியிருக்கவும் கூடும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடல் கடந்து வந்த ஒருவர், தாம் காணாத புந்தேல்கண்டத்து நெசவாளியின் பேச்சையும் மதித்து எழுதி வைத்தார். தம் வீட்டாரின் பேச்சை மதிப்பதற்கு நமக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. முற்றத்தில் இறங்கி, பெரியோர் அருகிற் சற்று நேரம் அமர்ந்திருந்தாலே போதும்.